2 மெகாபிக்சல் போதும், நாலடி கிட்ட வாங்க

இன்னைக்கு என் கையில ஒரு பொருள் இருக்கு. ஆடியோல காட்ட முடியாது, அதனால வாயால சொல்றேன். சோப்பு டப்பா அளவு. வெள்ளி நிறம், ஓரமெல்லாம் பெயின்ட் உரிஞ்சிருக்கு. பின்னாடி தீப்பெட்டி சைஸ்ல ஒரு ஸ்கிரீன். ரெண்டு பென்சில் பேட்டரி போட்டா ஓடும். 2004-ல என் மாமா சிங்கப்பூர்லருந்து வாங்கிட்டு வந்த டிஜிட்டல் கேமரா. 2 மெகாபிக்சல்.

ஆன் பண்றேன், கேளுங்க. (கேமரா ஆன் ஆகும் சத்தம்) உயிரோடதான் இருக்கு.

இந்த மாதிரி கேமராவுக்கு இப்ப மறுபடியும் மவுசு வந்திருக்கு. 2025-ல கோடாக் பேர்ல ஒரு சாவிக்கொத்து கேமராவே வந்தது, வெறும் 1.6 மெகாபிக்சல். அந்தப் பழைய கலர், அந்த மங்கல், அந்த மூலையில ஆரஞ்சு தேதி, இதுக்காகவே வாங்கறாங்க. தப்பில்லை. ஆனா நான் இன்னைக்குப் பேசப் போறது அந்த லுக்கைப் பத்தி இல்லை. இந்தக் கேமராவை வச்சு நாங்க செஞ்ச ஒரு தப்பைப் பத்தி. அதே தப்பை இப்ப உங்க போன்லயும் நீங்க செஞ்சுக்கிட்டு இருக்கலாம்.

ஆச்சியின் படம்

எங்க வீடு ராஜபாளையம். அம்மாவைப் பெத்த தாத்தாவும் ஆச்சியும் ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ் ஏறினா அரை மணி நேரம்தான், அதனால லீவு விட்டா அங்கதான் இருப்போம். இந்தக் கேமராவும் ரெண்டு ஊருக்கும் நடுவுல போய்ட்டு வந்துக்கிட்டே இருந்தது. கல்யாணம், காதுகுத்து, ஆடிப்பூரத் தேர்னு எல்லாத்துக்கும் இதுதான்.

2011-ல ஆச்சி இறந்துட்டாங்க. காரியத்துக்குள்ள படத்தை ஃபிரேம் போட்டாகணும். இருந்த சிடியை எல்லாம் எடுத்துக்கிட்டு கடைத்தெருவுல ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். மொத்தம் 214 படம். ஆச்சி இருந்தது 9 படத்துல. எல்லாமே கல்யாண வீட்டு வாசல், தேர் பார்க்கப் போன கூட்டம், கோபுரத்துக்கு முன்னாடி வரிசையா நின்ன குடும்பம். ஸ்டுடியோ அண்ணன் ஒவ்வொண்ணா பெருசு பண்ணிப் பார்த்துட்டுச் சொன்னார்: "தம்பி, இதுல முகமே இல்லையே. கட்டம் கட்டமால்ல வருது."

கடைசியில என்ன செஞ்சோம் தெரியுமா? வாக்காளர் அடையாள அட்டையில இருந்த படத்தை ஸ்கேன் பண்ணிக் கொடுத்தோம். அவர் அதுக்குக் கலர் ஏத்தி, கம்ப்யூட்டர்ல ரெடியா வச்சிருந்த ஒரு பட்டுச்சேலை உடம்போட ஒட்டிக் கொடுத்தார். பாவம், அவரால முடிஞ்சதைச் செஞ்சார். இன்னைக்கும் தாத்தா வீட்டுச் சுவர்ல மாலையோட இருக்கிறது அந்தப் படம்தான். முகம் ஆச்சியோடது. மயில் கழுத்துக் கலர்ல இருக்கிற அந்தப் பட்டுச்சேலை யாரோடதுன்னு தெரியாது. ஆச்சி வீட்டுல கட்டினதெல்லாம் நூல் சேலைதான்.

ரொம்ப நாள் நான் இந்தக் கேமராவைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். "2 மெகாபிக்சல்ல வேற என்ன கிடைக்கும்"னு. அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தப்பு கேமரா மேல இல்லை. நாங்க நின்ன இடத்துல இருந்தது.

ஒரு சின்னக் கணக்கு

பிக்சல்னா படத்துல இருக்கிற ஒரு புள்ளி. இந்தக் கேமரா எடுக்கிற படத்துல குறுக்கே 1600 புள்ளி, நெடுக்கே 1200. பெருக்கினா 19 லட்சத்து 20 ஆயிரம். அதைத்தான் 2 மெகாபிக்சல்னு சொல்றாங்க.

இந்த மாதிரி கேமராக்களில், ஜூம் பண்ணாதப்போ, லென்ஸ் பெரும்பாலும் 35 மி.மீ. லென்ஸுக்குச் சமமாக இருக்கும். அதுல ஞாபகம் வச்சுக்க ஒரு சுலபமான விதி உண்டு. நீங்க எவ்வளவு தூரத்துல நிக்கறீங்களோ, கிட்டத்தட்ட அவ்வளவு அகலம்தான் படத்துக்குள்ள வரும். 20 அடி தள்ளி நின்னா 20 அடி அகலம். 4 அடியில நின்னா 4 அடி அகலம்.

இப்ப 20 அடியில நிக்கறோம். 20 அடிக்கு 1600 புள்ளின்னா, ஒரு அடிக்கு 80. மனுஷ முகம் சுமாரா அரை அடி அகலம். அப்ப ஆச்சி முகத்துக்குக் கிடைச்சது 40 புள்ளி. அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் பந்தல், வாழைமரம், நாற்காலி, யாரோ ஒருத்தர் ஸ்கூட்டர்.

அதே கேமரா, 4 அடி. ஒரு அடிக்கு 400 புள்ளி. முகத்துக்கு 200. சுவர்ல மாட்டி நாலடி தள்ளி நின்னு பார்க்கிற படத்துக்கு அது தாராளம்.

"இப்ப போன்ல 12 மெகாபிக்சல் இருக்கே"ன்னு கேப்பீங்க. போடுவோம் அந்தக் கணக்கையும். 12 மெகாபிக்சல்னா குறுக்கே 4000 புள்ளி. ஆனா போன் லென்ஸ் இன்னும் அகலமாப் பார்க்கும். 20 அடியில நின்னா சுமார் 28 அடி அகலம் உள்ள வந்துரும். முகத்துக்குக் கிடைக்கிறது ஏறக்குறைய 70 புள்ளி. அதாவது, 20 அடியில நிக்கிற புது போன், 4 அடியில நிக்கிற இந்தக் கிழட்டுக் கேமராகிட்ட தோத்துப் போகுது. இன்னொண்ணு, நீங்க வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பற படம் சுருங்கிப் போய்ச் சேரும்போது அதோட நீளம் கிட்டத்தட்ட 1600 புள்ளிதான் இருக்கும். குடும்ப குரூப்ல நாம எல்லாரும் இன்னும் 2 மெகாபிக்சல்லதான் வாழ்ந்துக்கிட்டு இருக்கோம்!

இதுல ஒரு வரலாறும் இருக்கு. 1957-ல அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்கிற பொறியாளர், ஒரு போட்டோவை முதல்முறையாக ஸ்கேன் செய்து கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனார். அளவு, 176-க்கு 176. மொத்தம் 31 ஆயிரம் புள்ளிகூட இல்லை. அவர் எடுத்துக்கொண்டது எந்தப் பெரிய கட்டடத்தையும் இல்லை, தன்னோட மூணு மாசக் குழந்தையின் படத்தை. முகம் கிட்டத்தில் இருந்ததால் அது ஒரு குழந்தைன்னு இன்னைக்கும் பார்த்த உடனே தெரியுது. எங்க 214 படத்துல அப்படி ஒண்ணுகூட இல்லை.

குழாயடிக் குடங்கள்

சரி, கேமராவுக்குள்ள என்ன நடக்குது? ராஜபாளையத்துல வளர்ந்தவங்களுக்கு இதை ஈஸியாச் சொல்லலாம். குழாயடியில வரிசையா குடம் வச்சிருப்போம் இல்லையா? சென்சார்ங்கறது அந்த மாதிரி 20 லட்சம் குடம் அடுக்கி வச்ச ஒரு தரை. லென்ஸ் வழியா வர்ற வெளிச்சம்தான் தண்ணி. பட்டனை அமுக்கினதும் கொஞ்ச நேரம் தண்ணி விழும். எந்தக் குடத்துல எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு கேமரா அளந்து எழுதிக்கும். அதுதான் படம்.

இதுல மூணு விஷயம் கவனிக்கணும்.

ஒண்ணு, குடத்துக்குக் கலர் தெரியாது. அதனால ஒவ்வொரு குடத்துக்கு மேலயும் ஒரு கலர் வடிகட்டி இருக்கு. கோடாக்ல வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவர் 1976-ல காப்புரிமை வாங்கின முறை இது. பாதி குடத்துக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். மிச்சக் கலரைப் பக்கத்துக் குடங்களைப் பார்த்து கேமரா ஊகிக்கும். அதனாலதான் சின்னப் பூ டிசைன் போட்ட சேலை தூரத்துல இருந்து எடுத்தா குழம்பிப்போய்த் தெரியும்.

ரெண்டு, இருட்டுல தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் வரும். அதை அளக்கறப்போ தப்பு வரும். அந்தத் தப்புதான் நீங்க படத்துல பார்க்கற புள்ளிப் புள்ளியான இரைச்சல். அதனால இந்தக் கேமராவுக்கு நல்ல இடம் வீட்டுக்கு நடுவுல இருக்கிற ஹால் இல்லை. திண்ணை, வாசப்படி, ஜன்னல் ஓரம். ஆளை அங்க வந்து உட்காரச் சொல்லுங்க, வெளிச்சம் முகத்துல விழற மாதிரி. ஃபிளாஷை அணைச்சிருங்க. அது ஒரு எட்டு, பத்து அடிக்கு மேல எட்டாது. கிட்டத்துலயோ முகத்தைச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆக்கிடும்.

மூணு, குடம் நிறைஞ்சு வழிஞ்சா அதுக்கு மேல அளக்க முடியாது. உச்சி வெயில்ல வானம் வெள்ளைத் தாளா ஆகறது அதனாலதான். காலையில 9 மணிக்குள்ள, சாயங்காலம் 4 மணிக்கு மேல எடுங்க.

கோபுரமும் ஆளும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் 11 நிலை. உயரம் 190 அடிக்கு மேல. எங்க குடும்பம் எடுத்த படங்கள்ல பாதி இந்தக் கோபுரத்துக்கு முன்னாடிதான். எல்லாரையும் கோபுரத்தடியில நிக்க வச்சுட்டு, மாமா கேமராவோட பின்னாடி போய்க்கிட்டே இருப்பார், கோபுர உச்சி உள்ள வர்ற வரைக்கும். 200 அடி போனாத்தான் முழுசா வரும். அந்தத் தூரத்துல ஒரு அடிக்கு 8 புள்ளி. ஆச்சி முகத்துக்கு நாலே நாலு புள்ளி!

என்ன செஞ்சிருக்கணும்? நீங்க தள்ளிப் போங்க, சரி. ஆனா ஆளையும் கூட்டிக்கிட்டுப் போங்க. உங்ககிட்டருந்து 5 அடியில நிக்க வைங்க. கோபுரம் தன் இடத்துல பின்னாடி நிக்கட்டும். கோபுரமும் முழுசா வரும், முகத்துக்கும் 160 புள்ளி கிடைக்கும். இதுல இந்தச் சின்னக் கேமராவுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு. சென்சார் நகம் அளவுக்குத்தான் இருக்கும். அதனால நாலஞ்சு அடியில இருக்கிற முகமும், 200 அடியில இருக்கிற கோபுரமும் ஒரே படத்துல ஓரளவு தெளிவா விழும். பெரிய கேமராவுல அதுக்குத் தனியா மெனக்கெடணும்.

கோபுரத்துக்கு நிறையப் புள்ளியும் வேண்டாம். தமிழ்நாடு அரசு முத்திரையைப் பாருங்க. அதுல இருக்கிறது எங்க கோபுரம்தான்னு ஸ்ரீவில்லிபுத்தூரே சொல்லும். இல்லை, மீனாட்சியம்மன் கோயில் கோபுரம்னு சொல்ற மதுரைக்காரங்களும் உண்டு. அவ்வளவு சின்னப் படத்துல ரெண்டு ஊரும் தன் கோபுரத்தைப் பார்க்குது. கோபுரம் உருவத்துலயே தெரிஞ்சுரும். மனுஷ முகம் அப்படித் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. கிட்டன்னு சொன்னதும் மூக்கு மேல போய் நிக்காதீங்க. ஃபோகஸ் மாத்த முடியாத கேமராக்கள்ல மூணடிக்குள்ள போனா படம் மங்கிரும். அதனாலதான் நாலடின்னு சொல்றேன். நாலடிங்கறது பக்கத்துல உட்கார்ந்து பேசற தூரம்.

வெள்ளை நாய், வெள்ளைப் பால்

இந்தத் தடவை ஒரு வாரம் லீவு போட்டுட்டு, பொதிகை எக்ஸ்பிரஸ்ல இந்தக் கேமராவோட ஊருக்குப் போனேன். முதல் நாள் ராஜபாளையத்துல பக்கத்துத் தெருவுல ஒரு ராஜபாளையம் நாய். பால் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். எடுத்துப் பார்த்தா சாம்பல் கலர்ல வந்திருக்கு. ஏன்னா, கேமராவோட மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரமான சாம்பல்னுதான் நினைச்சுக்கும். படம் முழுக்க வெள்ளைன்னா, "ஐயோ வெளிச்சம் ஜாஸ்தி"ன்னு தானே குறைச்சுடும். மெனுவுல EV-ன்னு எழுதியிருக்கற இடத்துல பிளஸ் 1 வைங்க, வெள்ளை வெள்ளையா வரும். நம்ம ஊர்ல இது ரொம்ப முக்கியம். வேட்டி வெள்ளை, மில் பஞ்சு வெள்ளை, சத்திரப்பட்டி தறியில ஓடற பேண்டேஜ் துணி வெள்ளை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் அதே கதைதான். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பால்கோவா எல்லாருக்கும் தெரியும். அது ஆகற விதத்தைப் பார்த்திருக்கீங்களா? பெரிய இரும்புச் சட்டியில பால் கொதிக்கும், ஒருத்தர் நின்னுக்கிட்டே கிண்டிக்கிட்டு இருப்பார். சட்டி வெள்ளை, சுவர் கரி. ரெண்டையும் ஒரே படத்துல பிடிக்கப் பார்த்தா ரெண்டும் கெடும். நான் கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு, கரண்டி பிடிச்ச கையை மட்டும் எடுத்தேன். அந்தக் கையில தெறிச்ச பால் தழும்பு இருந்தது. அந்தத் தழும்புதான் எனக்கு வேண்டிய படம். கடையோட போர்டு பத்து வருஷம் கழிச்சும் அங்கேயே இருக்கும்.

இன்னொரு தொல்லை. பழைய கேமராவுல பட்டனை அமுக்கினதுக்கும் படம் விழறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கும். சிரிச்சவங்க சிரிச்சு முடிச்சிருப்பாங்க. அதுக்கு வழி, பட்டனைப் பாதி அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்கறது. ஃபோகஸ், வெளிச்சம் எல்லாம் அப்பவே பார்த்து வச்சுக்கும். மிச்சப் பாதியை அமுக்கினா உடனே விழும்.

பரண்ல இருந்து இறக்கறதுக்கு முன்னாடி

உங்க வீட்டுலயும் ஒரு கேமரா கிடக்கும். எடுத்துப் பார்க்கறதுன்னா நாலு விஷயம்.

முதல்ல, உள்ள இருக்கற கார்டை அழிக்காதீங்க. அதுல யார் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்துட்டு அப்புறம் பாருங்க.

கேமராவுக்குப் புது கார்டு வாங்கினா வேலை செய்யாமப் போகலாம். 2006-க்கு முன்னாடி வந்த கேமராக்கள் பொதுவா 2 ஜிபி வரைக்குமான பழைய எஸ்டி கார்டைத்தான் படிக்கும். 4 ஜிபி-ல ஆரம்பிக்கிறது வேற வகை.

சாதாரண பென்சில் பேட்டரி சீக்கிரம் படுத்துரும். ரீசார்ஜ் பண்ற நிக்கல் பேட்டரி வாங்குங்க.

கடைசியா, தேதி. பேட்டரி தீர்ந்தா பழைய கேமரா தேதியை மறந்துடும். எங்க 214 படத்துல பாதிக்கு மேல ஒரே தேதி, கேமரா முதன்முதலா முழிச்ச தேதி. எது எந்தக் கல்யாணம்னு அம்மாவுக்கே இப்ப சண்டை. ஆன் பண்ணினதும் முதல் வேலை தேதி வைக்கறது.

எடுத்த படத்தை பிரிண்ட் போடுங்க. 2 மெகாபிக்சல் படத்தை 6-க்கு 4 பிரிண்ட் போட்டா அங்குலத்துக்கு 260 புள்ளிக்கு மேல நிக்கும். அழகா வரும். ஒண்ணு மட்டும், பிரிண்ட் போடறப்போ மேலயும் கீழயும் கொஞ்சம் வெட்டுப்படும். அதனால எடுக்கும்போதே தலைக்கு மேல இடம் விடுங்க. படங்களை ரெண்டு இடத்துல வைங்க. சிடியை நம்பாதீங்க. நான் வச்சிருந்த ஏழு சிடியில ரெண்டு இப்ப திறக்கவே இல்லை.

தாத்தா

தாத்தாவுக்கு இப்ப 86. தினமும் காலையில குளிச்சு, திருமண் இட்டுக்கிட்டு, கோயிலுக்கு நடந்து போய்ட்டு வந்து திண்ணையில உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஆண்டாள் கையில இருக்கிற இலைக்கிளியை தினமும் புதுசாத்தான் செய்வாங்க, மாதுளம்பூதான் அலகு. "இன்னைக்கு கிளி நல்லா அமைஞ்சிருந்தது"ன்னு வந்து சொல்வார். அறுபது வருஷமா அதையே பார்க்கறவர்.

அந்த வாரம் முழுக்க, தினமும் காலையில எட்டு மணிக்கு, அதே திண்ணையில, நாலடியில உட்கார்ந்து ஒரே ஒரு படம் எடுத்தேன். முதல் நாள் முறைப்பா உட்கார்ந்தார், சட்டை மாத்திட்டு வரட்டுமான்னு கேட்டார். மூணாவது நாள் என்னைக் கண்டுக்கவே இல்லை. நாலாவது நாள் படத்துல மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துண்டால துடைச்சுக்கிட்டு இருக்கார். கழட்டினதும் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. அவரோட சொந்தத் துண்டு, சொந்தச் சட்டை. முகத்துக்கு 200 புள்ளி.

ஸ்கிரீன்ல காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் உள்ள சுவர்ல மாட்டியிருக்கிற ஆச்சி படத்தைத் திரும்பிப் பார்த்துட்டுக் கேட்டார்: "இது மாட்டறதுக்கா?"

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. "சும்மாதான் தாத்தா, எடுத்தேன்"னேன்.

"மாட்டறதுன்னா இதையே மாட்டு. வேற சட்டை கிட்டை ஒட்டிராதீங்கப்பா"ன்னு சொல்லிட்டு மறுபடி பேப்பரை எடுத்துக்கிட்டார்.

அந்தப் படத்தை 6-க்கு 4 பிரிண்ட் போட்டு ரெண்டு காப்பி எடுத்திருக்கேன். ஒண்ணு அம்மாகிட்ட, ஒண்ணு என்கிட்ட. பின்பக்கம் தேதி எழுதியிருக்கு.

அவ்வளவுதான் மக்களே. இந்த வாரம் வீட்டுக்குப் போறவங்க, கேமராவோ போனோ, எது இருந்தாலும் சரி, வீட்டுல வயசானவங்க ஒருத்தர் பக்கத்துல நாலடியில போய் உட்காருங்க. கொஞ்ச நேரம் பேசுங்க. அப்புறம் ஒண்ணு எடுங்க.